துலுக்கானம் வாங்க மறுத்த செக்கு

பூந்தமல்லி ஜவுளிக்கடைகளில் ஒருவரும் பேங்க் செக்கு வாங்குவதில்லை. 1938-ஆம் வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு இது எனக்குத் தெரியவந்தது. அன்றே என் மனைவி தாட்சாயிணிக்குப் பட்டுப்புடவை வாங்கித் தருவதென்று தீர்மானித்துவிட்டேன்.

"கையில ரொக்கம் இல்ல. செக்கு கீது. எது வேணுமோ எடு" என்றேன்.

முப்பத்தைந்து ரூபாயில் மாம்பழ மஞ்சளில் ஒன்று எடுத்தாள். நான் செக்குப் புத்தகத்தை விரித்தேன். கடைக்காரர் துலுக்கானம் அதை ஒரு விரலால் தள்ளினார்.

"இது வேணாம் சார்."

"ஏன்?" என்றேன் துக்கத்தோடு. உள்ளே பரம சந்தோஷம்.

"செக்குல போட்டா எள்ளாவது எண்ணெயாவும். இதுல இன்னா வரும்?"

"பணம் வரும்."

"உங்க கணக்குல இருந்தா வரும். இல்லாங்காட்டி பேங்க்காரன் திருப்பி அனுப்புவான். புடவை உங்க ஊட்டுல இருக்கும். நான் உங்க வாசல்ல நிப்பேன்."

இதோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானஸ்தன் என்ன செய்வான்?

"என்னைத் திருடன்றியா? கவர்ன்மெண்ட்டு குமாஸ்தாய்யா நான். என் கணக்குல இருநூத்துப் பத்து ரூபா கீது."

சொன்ன பிறகுதான் தாட்சாயிணி பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்தது. அவளிடம் ஐம்பது என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துலுக்கானத்திடம் சொன்னாள்:

"அண்ணாத்தே, பணம் வராதுன்னுதானே பயம்? செக்கையும் வெச்சிக்குங்க, புடவையையும் வெச்சிக்குங்க. பணம் கைக்கு வந்தப்புறம் நான் வந்து எடுத்துக்கிறேன்."

"பட்டணத்து பேங்க்குக்கு யாரும்மா போறது? பஸ் சார்ஜ் கீது. ஒரு நாள் யாபாரம் பூடும்."

"அதையும் சேத்து எழுதுவாரு."

துலுக்கானம் தாடையைத் தடவினார். "நாப்பதுன்னா சரி."

புடவைக்காரனுக்கு நான் பஸ் சார்ஜ் கொடுப்பதா? கொதித்துப்போய் எழுதினேன். கையெழுத்தை மட்டும் வேண்டுமென்றே கோணலாகப் போட்டேன். பேங்க் திருப்பி அனுப்பட்டும்.

தாட்சாயிணி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகம் தெரியும். செக்கை நிதானமாக நாலாகக் கிழித்தாள்.

"கோவத்துல கையெழுத்து மாறிப்பூட்ச்சுங்க. வேற எழுதுங்க. இந்த தபா நாப்பத்தஞ்சா எழுதுங்க, ரவிக்கைத் துணியும் எடுத்துக்கினேன்."