பந்தை உடனே எடுத்துக் கொடுத்த குற்றம்

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. மிஷ்கோ காலினிச் அவர்களுக்கு,

ராகித்னிட்சா கால்பந்துக் கழகத்தின் தலைவரும் தங்கள் தமக்கை லியெர்காவின் கணவனுமாகிய டிஹோமிர் ஷிமெக் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். வழக்கமாகத் தங்கள் நலத்தையும் விசாரிப்பேன். இம்முறை விசாரிப்பதாக இல்லை. எதிர் வீட்டில் இருப்பவனுக்குக் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். நேரில் பேசினால் நான் படித்த படிப்புக்குப் பொருந்தாத சொற்கள் வாயில் வந்துவிடுமோ என்ற அச்சமே காரணம்.

தங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். குற்றச்சாட்டு என்றால் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சட்டம் படித்தவனின் பழக்கம். நமது மைதானத்தின் கிழக்குப் பக்கம் திராவா ஆறு ஓடுகிறது. கரைமேட்டைத் தாண்டி உதைக்கப்படும் பந்து ஆற்றில் விழும். படகில் சென்று வலைக்கழியால் அதை எடுத்து வருவது கழகம் தங்களுக்கு அளித்த பொறுப்பு. உள்ளூர் அணி மூன்று பந்து வைத்திருக்க வேண்டும் என்பது நமது வட்டார லீக்கின் விதி. மூன்றும் ஒரே நேரத்தில் ஆற்றில் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நம் ஆண்கள் அணி ஒரு கோல் முன்னிலை பெற்றதும், மர அறுப்பாலையில் வேலை செய்யும் நம் தடுப்பாட்டக்காரன் க்ரூனோ பந்துகளை ஒவ்வொன்றாக ஆற்றுக்கு அனுப்புவதும், தாங்கள் சிகரெட்டைப் பற்றவைத்து, ஆற்றின் அழகை ரசித்து, நீரோட்டத்தோடு மிதந்து சென்று பந்தை மீட்பதும், அதற்குள் கடைசிப் பேருந்தை நினைத்து நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் நமது மரபு. வெளியூர்க்காரர்கள் இதை ஏமாற்று என்பார்கள். நான் இதை நிதானம் என்கிறேன்.

கடந்த ஞாயிறு பெலினா அணிகள் வந்திருந்தன. பெண்கள் ஆட்டப் புள்ளியையும் ஆண்கள் ஆட்டப் புள்ளியையும் கூட்டித்தான் எந்த ஊர் மேல் லீக்குக்குப் போவது என்று முடிவாகும். நான் மதிய உறக்கம் முடித்து மைதானத்துக்கு வருவதற்குள், முதல் ஆட்டத்தில் நம் பெண்கள் மூன்றுக்கு ஒன்று என்று வென்றிருந்தார்கள். அடுத்து ஆண்களும் வென்றுவிட்டால் இந்த ஊர் அறியாத ஒரு பெருமை அன்றே கைக்கு வந்திருக்கும். ஆட்டம் முடியும் தறுவாய். நாம் ஒரு கோல் முன்னால். க்ரூனோ மூன்றாவது பந்தையும் ஆற்றில் சேர்த்தான். இருக்கையிலிருந்து நானே எழுந்து நின்று கைதட்டினேன். நம் ஆட்டக்காரர்கள் முறைப்படி புல்லில் உட்கார்ந்து காலணிக் கயிறுகளை அவிழ்த்தார்கள். கோல்காப்பாளர் ஜூரோ, விடியலிலேயே எழுந்து ரொட்டி சுட்ட களைப்பில், கோல் கம்பத்துக்குப் பின்னால் கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பை ஒரு வாய் பார்க்கப் போனான். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஏதோ மரம் அறுக்கும் இயந்திரம் என்றே எண்ணினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கரைமேட்டுக்கு மேலாக ஒரு பந்து பறந்து வருகிறது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் மூன்றாவதும். நான் வாயைப் பிளந்தபடி நிற்கிறேன், பெலினாக்காரன் பந்தைப் பிடித்து எறிகிறான், அவர்களில் ஒருவன் சாவகாசமாக ஓட்டிக்கொண்டு போய், ஆளே இல்லாத கோலுக்குள் நடந்தே போய் வைத்துவிட்டு வருகிறான், ஜூரோ ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் கரண்டியுமாக, "என்னாச்சு, யாராச்சும் சொல்லுங்கப்பா" என்று கேட்கிறான். இத்தோடு முடிந்ததா? க்ரூனோ நம்பிக்கை இழக்காமல் மறுபடியும் ஆற்றுக்கு உதைத்தான். மறுபடியும் அதே சத்தம், அதே வேகம். இம்முறை ஜூரோ தன் இடத்தில்தான் இருந்தான், ஆனால் காலணிக் கயிறு அவிழ்ந்துதான் கிடந்தது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

கரைமேட்டில் ஏறிப் பார்த்தேன். கழகத்தின் படகில் மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. நீலச் சாயம் அடித்த, ரிப்பன் கட்டிய மோட்டார். அன்று நமக்குள் நடந்த உரையாடலைத் தாங்கள் மறுக்க முடியாதபடி அப்படியே தருகிறேன்.

"மிஷ்கோ, இது என்ன?"

"மோட்டாரு அத்தான். நம்ம பொம்பளப் பசங்க காசு போட்டு வாங்கிக் குடுத்தாங்க. சத்தம் எப்படி, பூனை மாதிரி இல்ல?"

"நாம முன்னால இருக்கோம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. அதுக்கென்ன? பந்து தண்ணில விழுந்தா எடுத்துத் தர்றதுதானே என் வேல."

"மெதுவா எடுக்கணும்டா."

"மெதுவாப் போனா எஞ்சின் அணைஞ்சுடுது அத்தான். நான் என்ன பண்ண?"

அந்த நேரம் பெண்கள் அணித் தலைவி யாஸ்னா, தலையைத் துவட்டியபடி அங்கு வந்தாள். பகலில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். அடுத்தவர் வாயை மூட விடாமல் பேசும் பயிற்சி அங்கே பெற்றிருக்க வேண்டும்.

"தலைவரே, அவர ஏன் திட்டுறீங்க? முதல் பாதியில நாங்க ஒரு கோல் பின்னால இருந்தோம். இந்த மனுஷன் மோட்டார்ல போய்ப் பந்த எடுத்துக் குடுத்ததாலதான் மூணு போட்டோம். போன மாசம் துடுப்பு போட்டுக்கிட்டு இவரு வர்றதுக்குள்ள எங்களுக்குக் குளுந்தே போச்சு. எங்களுக்குப் பந்து வேணும். உங்க பசங்களுக்குத்தான் பந்தப் பாத்தா பயம்."

"பொம்பளைங்களுக்கு மோட்டாரு, எங்களுக்கு வேட்டா?" என்றான் பின்னால் வந்த க்ரூனோ.

"நீ பேசாத. இன்னிக்கு மைதானத்துல இருந்ததவிட ஆத்துலதான் உன் பந்து அதிக நேரம் இருந்துச்சு."

இதற்குத் தாங்கள் சிரித்தீர்கள். கழகத் தலைவன் முன்னிலையில், தோல்வி நாளில், படகில் அமர்ந்தபடி சிரித்தீர்கள். அந்த அதிர்ச்சி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. நேர்மை, வேகம், சுறுசுறுப்பு போன்றவை தங்களிடம் இருப்பதை இத்தனை காலம் மறைத்துவைத்து, கழகத்துக்கு மிகவும் தேவையற்ற ஒரு பொழுதில் வெளிப்படுத்தியது மன்னிக்கத் தக்கதல்ல.

வரும் ஞாயிறு கடைசி ஆட்ட நாள். இரண்டு அணிகளும் வென்றால் மட்டுமே மேலே போவோம்; ஒன்று சறுக்கினாலும் பெலினா போய்விடும். ஆகவே அன்றைக்குள் மோட்டாரைக் கழற்றிவிட வேண்டும், அல்லது படகின் சாவியை என்னிடம் ஒப்படைத்து அப்பொறுப்பிலிருந்து விலக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இன்று மாலை நிர்வாகக் குழுவின் முன் இக்கடிதத்தை வாசித்துவிட்டே தங்கள் கதவிடுக்கில் செருகுவேன்.

தங்கள் வலையில் மீனும், தங்கள் கைகளில் நிதானமும் நிறைய வாழ்த்துகிறேன். தங்கள் தமக்கை அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், தெரிவித்தாயிற்று.

இப்படிக்கு,
டிஹோமிர் ஷிமெக்

பின்குறிப்பு: குழுவில் வாசித்தேன். முடித்ததும் கைதட்டினார்கள், அதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். யாஸ்னா எழுந்து, "தலைவர் சொல்றது ரொம்ப நியாயம். மெதுவாப் போறது பெரிய வித்தைங்கறாரு. இத்தனை நுணுக்கம் தெரிஞ்சவரே போகட்டும். எங்க ஆட்டத்துக்கு மிஷ்கோ மோட்டார்ல, ஆம்பளைங்க ஆட்டத்துக்குத் தலைவர் துடுப்புல" என்றாள். பெண்கள் பக்கம் மொத்தக் கையும் உயர்ந்தது. முதலில் உயர்ந்த கை, குழுவின் கணக்கைப் பார்க்கும் தங்கள் தமக்கையுடையது. க்ரூனோவும் தூக்கினான்.

எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நான் அந்தப் படகில் ஒருமுறைகூட ஏறியதில்லை என்பதைச் சபையில் சொல்ல மனம் வரவில்லை. மிஷ்கோ, ஞாயித்துக்கெழம காலையில கொஞ்சம் சீக்கிரமே வாப்பா. எந்தப் பக்கம் பாத்து ஒக்காரணும்னு மட்டும் காட்டிக் குடு. மெதுவாப் போறது எனக்குத் தானா வந்துடும். கரைக்குத் திரும்பி வர்றத நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரல.