அன்று நான் லைப்ரரியில் இருந்தேன்

நான் பயந்தவள். வெளியே அது தெரிவதில்லை. பயம் வரும்போதெல்லாம் ஓர் அட்டவணை போட்டுவிடுவேன். பார்ப்பவர்கள் அதை நிதானம் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போது என் தொழிலே அதுதான். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பாலங்களுக்குக் கீழே மஞ்சள் தொப்பியோடு நின்று, எங்கே விரிசல், எத்தனை மில்லிமீற்றர், எப்போது கவலைப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை ஒரு பாலமும் விழவில்லை. விழுந்தது ஒன்றுதான்: இருபது வயதில், என் அம்மாவிடமிருந்து தப்புவதற்காக நான் போட்ட அட்டவணை.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஜேர்மனியில் ஒரு தவணை படிக்கும் வாய்ப்பு வந்தது. அம்மா சம்மதிக்க மூன்று கிழமை எடுத்தது. (அப்பா முதல் நாளே சம்மதித்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெறுமதி இல்லை.) கடைசியில் ரொறன்ரோ ஸ்காபரோ வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அம்மா ஒரு தாளை ஒட்டினார். தினமும் ஃபோனில் கோல் எடுக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சொந்தக்காரர் வீடு தவிர வேறு எந்த ஊருக்கும் சுற்றப் போகக்கூடாது. நான்காவதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது: “பொய் ஒண்டு பிடிபட்டால், அடுத்த பிளேன்.”

அம்மா சொன்னால் செய்பவர். அண்ணா ஒருமுறை பொய் சொல்லி அகப்பட்டபோது, அவனுடைய வீடியோ கேம் பெட்டி அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. என் விஷயத்தில் பணயம் அதைவிடப் பெரிது. இறுதிச் சோதனை ஓகஸ்ட் முடிவில். அதற்கு முன் என்னைத் திருப்பி அழைத்தால் முழுத் தவணையும் வீண். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

ஆகவே நான்கு மாதம் ஒழுங்காக இருந்தேன். என் அறைத்தோழி மேகன் அப்படி இல்லை. அவள் அமெரிக்கா, ஒஹாயோவிலிருந்து வந்தவள். ‘ஐரோப்பாவில் நான் கண்டுபிடித்தவை’ என்று ஒரு குறிப்புக் கொப்பி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறக்காது, ஒரு காரும் இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். அதற்குள் ஒன்பது நாடுகள் பார்த்துவிட்டாள். நான் பார்த்தது கொங்கிறீற் உடைக்கும் ஆய்வுகூடம், லைப்ரரி, எங்கள் சமையலறை.

“ஒரே ஒரு நாள் என்னோடு வா. ஒரு சின்ன ஊர், பழைய தேவாலயம், பக்கத்தில் நீந்துவதற்கு ஏரி. சுற்றுலாக் கூட்டமே இல்லாத, உண்மையான ஐரோப்பா!” என்றாள்.

நான் சபலப்பட்டேன். உடனே பயம் வந்தது. உடனே அட்டவணை போட்டேன்.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஐரோப்பா ஒரு கண்டம் அல்ல, கண்காணிப்புக் கோபுரங்களின் தொகுப்பு. முதல் நிரல் ஊர். இரண்டாவது, அங்கே இருக்கும் உறவினர். மூன்றாவது, அவர் என்னைக் கண்டால் செய்தி அம்மாவை அடைய எடுக்கும் நிமிடங்கள். சூரிச், அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, இரண்டு நிமிடம். பரிஸ், மாமாமார் இருவர், நான்கு நிமிடம் (இருவருக்கும் ஒருவரோடொருவர் கோபம்; முதலில் யார் சொல்வது என்று போட்டி). இலண்டனை எண்ணி முடிக்க முடியாமல் விட்டேன். இப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர, நெதர்லாந்து எல்லையோரம் ஒரு சிறிய ஊர் மிஞ்சியது. பெயர் கேவலார். மாதா கோவில் ஒன்று உண்டு, கொஞ்சத் தூரத்தில் ஏரியும் உண்டு. உறவினர்: பூச்சியம்.

ஊரைச் சரிபார்த்தேன். திகதியைச் சரிபார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை, அரைக் காற்சட்டை, அன்னாசிப்பழப் படம் போட்ட பெரிய துவாய், அதற்குள் சுருட்டிய நீச்சல் உடுப்பு சகிதம் ரயிலேறினோம். அம்மாவுக்கு முன்கூட்டியே ஒரு செய்தி: “முழு நாளும் லைப்ரரி. ஃபோன் சைலன்ற்.”

இரண்டாவது நிலையத்தில் காஞ்சிபுரம் சேலை ஒன்று ஏறியது.

ஒன்றுதானே, தற்செயல் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த நிலையத்தில் ஆறு. அதற்கடுத்ததில் மல்லிகைப்பூ, வேட்டி, பிள்ளைத் தள்ளுவண்டிகள், பெட்டியில் பொதி செய்த, கிழங்கு வைத்துப் பொரித்த றோல்ஸ் வாசனை. யாருக்கோ கலியாணம், அதற்கடுத்த ஊரில் இறங்கிவிடுவார்கள் என்று ஒரு கருதுகோள் வைத்துக்கொண்டு, விரித்த வரைபடத்துக்குப் பின்னால் முகத்தை வைத்தேன். (இறங்கித் திரும்பியிருக்கலாம். பயந்தவர்கள் அந்த நேரத்தில் அசையமாட்டார்கள். அதுதான் அவர்களுடைய பிரச்சினை.)

கேவலாரில் ரயில் முழுவதும் இறங்கியது. மேடையில் கால் வைத்ததும் ஒலிபெருக்கி கணீரென்றது: “அன்பான பக்தர்களே, பச்சைச் சட்டை போட்ட மூன்று வயதுப் பிள்ளை ஒண்டு எங்களிட்டை நிக்குது.” ஜேர்மன் செங்கல் வீடுகளுக்கு நடுவே, தேர்த் திருவிழாவுக்குரிய அதே குரல்.

பக்கத்தில் நின்ற அங்கிள் ஒருவரிடம் மெல்லக் கேட்டேன். “அங்கிள், இண்டைக்கு இங்கை என்ன?”

“என்ன பிள்ளை, தெரியாமலோ வந்தனீர்? வருசத்திலை ஒருக்கா தமிழாக்களின்ரை திருநாள். ஐரோப்பா முழுக்க வருகுது. கிறிஸ்தவர், சைவக்காரர் எண்டில்லை, எல்லாரும் மாதாட்டை வருவினம்.”

ஐரோப்பாவில் எங்கள் உறவினர் ஒருவரும் வசிக்காத ஓர் ஊரைக் கண்டுபிடித்து, அவர்கள் எல்லோரும் ஒன்றாக வரும் நாளில் வந்திருந்தேன்.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. அம்மா. “வடிவாப் படி. பெரியம்மா பஸ்ஸிலை கேவலார் மாதாட்டை வந்திட்டா. உன்ரை சோதினைக்கு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லியிருக்கிறன்.”

நேர அட்டவணையைப் பார்த்தேன். அடுத்த ரயில் இரண்டு நாற்பதுக்கு. அதற்கு மூன்று மணித்தியாலம் இருந்தது. மேகனைத் தேடினேன். அவளை ஏற்கெனவே இரண்டு அன்ரிமார் தத்தெடுத்திருந்தார்கள். ஒரு கையில் றோல்ஸ், மறு கையில் கொப்பி. “சங்கவி! இதுதான் உண்மையான ஜேர்மனி!” என்று கத்தினாள். என் பெயர் ஒரு சதுக்கம் முழுவதும் ஒலித்தது.

ஓடினேன். எந்தத் திசையிலும் யாரோ ஒரு சித்தியின் சாயல். இடது பக்கம் ஒரு கறுப்புக் கண்ணாடி, பரிஸ் மாமாவே தான். (இல்லை, வேறு யாரோ. ஆனால் என் கால்களுக்கு அது தெரியாது.) பெரிய தேவாலயத்துக்குள் நுழைந்து, ஓரமாக இருந்த திரைச்சீலை போட்ட மரக்கூடு ஒன்றுக்குள் புகுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டு. அமைதி. முதல் தடவையாக அன்று பாதுகாப்பாக உணர்ந்தேன்.

பக்கத்துச் சிறு ஜன்னல் திறந்தது.

“சொல்லும் பிள்ளை. கடைசியாப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம்?”

தமிழ்ப் பாதிரியார்! நான் ஒளித்திருந்தது பாவமன்னிப்புக் கேட்கும் கூடு.

“ஃபாதர்... நான் சைவம்.”

“பரவாயில்லை. என்ன செய்தனீர்?”

“ஒண்டும் சொல்ல வரேல்லை, ஃபாதர். ஒளிக்க வந்தனான்.”

“ஆரிட்டை இருந்து?”

“பெரியம்மாட்டை இருந்து.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “என்ரை பெரியம்மாவும் வந்து நிக்கிறா. நான் காலமையிலை இருந்து இதுக்குள்ளைதான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எவ்வளவு நேரம் இருக்கப் போறீர்?” என்றார்.

“றெயின் இரண்டு நாப்பதுக்கு, ஃபாதர்.”

“பிள்ளை, நீர் வந்த பிறகு லைன் வாசல் வரைக்கும் வந்திட்டுது. ஐஞ்சு நிமிசம் தரலாம். அதுக்கு மேலை இருந்தா, நீர் பெரிய பாவம் செய்த ஆளெண்டு வெளியிலை கதைப்பினம்.”

ஐந்து நிமிடத்தையும் எண்ணினேன். பின் துவாயைத் தோளில் போட்டு, முகத்தை நிதானமாக்கிக்கொண்டு, திரையை விலக்கினேன்.

வரிசையின் முதல் ஆள் பெரியம்மா.

பெரியம்மாவும் சைவம்தான். ஆனால் எங்கே வரிசை கண்டாலும் போய் நிற்பவர். அர்ச்சனைச் சீட்டுக்கு என்று நினைத்திருக்கிறார். கையில் ஃபோன். அதன் கமரா வெளிப்பக்கம் திரும்பி, தேவாலயத்தை யாருக்கோ நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே என்னை முதலில் கண்டது பெரியம்மா அல்ல. ஸ்காபரோவில், காலைத் தேநீரோடு சமையலறையில் இருந்த அம்மா.

“அக்கா, உது ஆர்?” என்றது ஃபோன். “உந்தக் கூட்டுக்குள்ளாலை வாறது எங்கடை சங்கவியெல்லே?”

அடுத்த பிளேனின் இரைச்சல் காதில் கேட்டது. விமானத்தில் எனக்கான இருக்கை இலக்கம்கூடத் தெரிந்தது.

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, அவருடைய கண் கலங்கியது. “என்ரை குஞ்சு! சோதினைக்கு நேர்த்தி வைக்கத் தனியா வந்தனியோ? ஆருக்கும் சொல்லாமல்?”

“ஓம் பெரியம்மா,” என்றேன். (பாவமன்னிப்புக் கூட்டிலிருந்து இரண்டு அடி தூரத்தில். உள்ளே திரும்பிப் போயிருக்கலாம், ஆனால் லைன் பெரிது.)

“உதென்னடி துவாய்?”

“முழங்காலிலை நிக்கிறதுக்கு.”

பெரியம்மா கட்டிப்பிடித்து அழுதார். வரிசையில் நின்ற அன்ரிமார் “இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளை” என்றார்கள். ஃபோனுக்குள் இருந்து அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்:

“சாப்பிட்டனியோ?”

அவ்வளவுதான். சோதனை எழுதினேன், சித்தியடைந்தேன், ரொறன்ரோ திரும்பினேன். தப்பிவிட்டேன் என்றே நம்பினேன். விமான நிலையத்திலேயே அம்மா சொன்னார்: “மாதாவே உன்னைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறா. இனி வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டை நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போறாய்.”

மறுக்க முடியுமா? நான் பக்தை. வகுப்போ வேலையோ முடிந்து, வெள்ளிக்கிழமை நெரிசலில் ஊர்ந்து, ஒரு வெள்ளியும் தவறாமல் நான்கு வருடம் ஓட்டினேன். யாருக்காவது விசா இழுபட்டாலும், வாகன ஓட்டுநர் சோதனை தவறினாலும் தங்களுக்காக வேண்டும்படி அன்ரிமார் என்னிடம் சொல்லிவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா காரின் பின்பெட்டியில் அன்னாசிப்பழத் துவாயை மறக்காமல் வைத்தார். “முழங்காலுக்கு” என்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நான்காம் வருடம், பேவியூ வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது எனக்குத் தாங்கவில்லை. “அம்மா, கேவலாருக்கு நான் கும்பிடப் போகேல்லை.”

“தெரியும்,” என்றார் அம்மா. “துவாய்க்குள்ளாலை நீச்சல் உடுப்பின்ரை வார் தொங்கினது. ஃபோனிலை நான் முதல் கண்டது அதைத்தான்.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“சொன்னால் பிளேன் புக் பண்ண வேணும். நான் சொன்னாச் செய்யிற ஆள். உன்ரை சோதினை போயிருக்கும்.” விளக்கு பச்சையானது. “அதுதான் அந்தக் கடனை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா எடுத்தனான். பாத்து ஓட்டு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரைக் காணவில்லை என்றால் “லைப்ரரியிலை நிக்கினம்” என்போம். அப்பா கராஜில் ஒளித்து மிக்சர் சாப்பிட்டால் அது லைப்ரரி. அண்ணா விட்பியில் வீடு வாங்கிக் குடிபோனதிலிருந்து, ஃபோன் எடுக்காவிட்டால் அவனும் லைப்ரரி. பெரியம்மாவுக்கு மட்டும் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. சூரிச்சில் நான் இன்னும் புனிதவதி. வெள்ளிக்கிழமை ஓட்டமும் நிற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மா, முழங்கால் நோகுது, நீ தனியப் போயிட்டு வா என்றார். கோவில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்கக் கோல் எடுத்தேன். அம்மா மூச்சு வாங்கினார். பின்னால் ஏரி அலை அடிக்கும் சத்தம், கடற்பறவைகள், யாரோ ஒரு அன்ரியின் சிரிப்பு.

“அம்மா, எங்கை நிக்கிறியள்?”

“லைப்ரரியிலை,” என்றார் அம்மா.

காரின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். துவாயைக் காணவில்லை.