வெளியே நாங்கள் ஒரே ஆள்

உலகத்தில் பயப்பட வேண்டியதற்கெல்லாம் முன்கூட்டியே பயந்து முடித்துவிட்ட ஒரே மனுஷி, கேரள எல்லையோரத்து அமரவிளையில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியை நடத்திய அக்காதான். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘மோடம் மேடம்’ என்று பேர்.

வைஃபை பெட்டி வந்த அன்று, பொருத்த வந்தவரை அவர் சாயங்காலம் வரை விடவில்லை. இது வெடிக்குமா, நாம் பேசுவதைக் கேட்குமா என்று ஆரம்பித்து, அது வேலை செய்யும் விதத்தையே கறந்துவிட்டார். பிறகு சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பு.

“உள்ள உங்க போனுக்கெல்லாம் தனித்தனி நம்பர் உண்டு மக்கா. வெளிய போவும்போ பெட்டி அதை மாத்தி, தனக்க நம்பரைப் போட்டு விடும். கூடவே ஒரு போர்ட் நம்பரும் போட்டு ஓர்மை வச்சுக்கும். பதில் வந்தா, அதைப் பாத்து அவளவளுக்க போனுக்குக் குடுக்கும். வெளிய உள்ளவனுக்கு நாமெல்லாம் ஒரே ஆளாக்கும். ஒருத்தி ஏடாகூடமா எழுதினா எல்லாரும் கம்பி எண்ணணும்.”

நாங்கள் சிரித்தோம். அம்பூரி மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே, இடிக்குப் பயந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். என்னுடைய ஒரு வீடியோ நேர்காணல், “உங்கள் பலம் என்ன?” என்ற கேள்வியோடு செத்துப்போனது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் போலீஸ் ஜீப். யாரோ போலிக் கணக்கிலிருந்து ஒருவருக்குக் கொலை மிரட்டல் விட்டிருக்கிறார்கள்; இணைய விலாசம் எங்கள் விடுதியைக் காட்டுகிறது. எழுதியது யாரென்று சொல்லாவிட்டால் எல்லாருடைய போனையும் எடுத்துக்கொண்டு போவோம் என்று மலையாளத்தில் சொன்னார் அதிகாரி.

என் அறைத்தோழி ஷீஜா குளியலறைக்குள் ஓடிப்போய் போனில் இருந்ததையெல்லாம் அழித்தாள். நான் அதுவரை போட்ட கமென்டுகளை மனசுக்குள் புரட்டினேன். ஒரு நடிகரை நாடு கடத்த வேண்டும் என்று எழுதியது ஞாபகம் வந்தது. பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கவே பயம். இவளாக இருக்குமோ?

மேடம் நடுங்கிய நடுக்கத்தில் அவர் பிடித்திருந்த கதவும் சேர்ந்து ஆடியது. ஆனாலும் முன்னால் வந்தார்.

“கனெக்‌ஷன் எனக்க பேருலயாக்கும். பிள்ளைகளைத் தொடாண்டாம் சாரே. நான் வாறேன்.”

ஜீப்பில் ஏறிப் போனார். சமைத்த சோறு அப்படியே கிடந்தது.

இருட்டும் முன் திரும்பிவிட்டார். இணையக் கம்பெனியும் பல வீடுகளை ஒரே விலாசத்துக்குள் அடைத்துத்தான் வெளியே அனுப்புமாம். போர்ட் நம்பர் இருந்தால்தான் எந்த வீடு என்று பிரிக்க முடியும். போலீஸ் அதையும் கம்பெனிக்குக் கொடுத்து மறுபடி விசாரித்தபோது ஆரியங்கோட்டில் வேறொரு வீட்டைக் காட்டியிருக்கிறது.

உங்களில் யாராவது செய்தீர்களா என்று எங்களிடம் அவர் கேட்டதே இல்லை. கேட்டால், யாராவது ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாம்.

இப்போது எனக்குத் தனி வீடு, தனி இணைப்பு. எனக்காகப் பயப்படத்தான் ஆளில்லை.