நீர்யானைக்கு யார் பங்காளி?

“மாமா, ஒரு நிமிசங்க...”

“மாமான்னு கூப்புடாத. சித்தப்பான்னு கூப்புடு” என்றார் பெரியண்ணன்.

செழியனுக்குக் கேசரி தொண்டையிலேயே நின்றது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவன். கூட வேலை பார்க்கும் பெரியண்ணன் மகள் நர்மதாவைப் பெண் கேட்டு, அப்பா வெற்றிவேலுடன் கல்வராயன் மலையேறி வந்திருந்தான். குலசாமிப் பேச்சு வரும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. இரண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமியாம். அப்படியென்றால் பங்காளிகள், நர்மதா தங்கச்சி முறை. காதலிக்கும்போது யார் குலசாமியைக் கேட்கிறார்கள்?

வெற்றிவேல் எழுந்து செருப்பைத் தேடினார். பதற்றத்தில் செழியன் தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டான்.

“சாமிய மட்டும் வெச்சி முடிவு பண்ணாதீங்க. நீர்யானைய எடுத்துக்கோங்க. பல்லப் பாத்து, கால்ல குளம்பப் பாத்து, அது பன்னிக்குப் பங்காளின்னுதான் ரொம்ப நாளு வெச்சிருந்தாங்க...”

“இன்னாது, எங்கள பன்னின்றியா?”

“ஐயோ, உங்கள இல்லீங்க! நீங்க நீர்யானை.”

கதவுக்குப் பின்னால் நர்மதா தலையில் அடித்துக்கொண்டாள்.

“வாய மூட்றா” என்றார் வெற்றிவேல், ஒற்றைச் செருப்புடன்.

மூடவில்லை. “அப்புறம் மரபணுவ சோதிச்சா, அதுக்கு நெருங்குன சொந்தம் திமிங்கலம்! பன்னி தூரம்தான்.”

“மீனு எப்பிட்றா சொந்தமாவும்?”

“அது மீனில்லீங்க. குட்டி போட்டுப் பால் குடுக்குற ஜாதி. அதுமாரி நம்ம ரத்தத்தையும் சோதிச்சா...”

பெரியண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “எங்க வம்சத்துக்கே சோதனையா? எங்கப்பன் பாட்டன் காலத்துலேந்து கும்புட்டுக்கினு வர்ற சாமிடா அது!”

அதுவரை அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி செங்கம்மாள் வெளியே வந்தாள்.

“யாரோட அப்பன் பாட்டன்?”

பெரியண்ணன் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “நீ உள்ள போ, செங்கம்மா.”

“போறேன். வூட்டோட மாப்ளயா வந்ததச் சொல்லக் கூச்சப்பட்டுக்கினு, பொண்ணு வாழ்க்கையக் கெடுப்பியா?”

செழியன் மனதுக்குள் முறை போட்டுப் பார்த்தான். போன உயிர் திரும்பி வந்து, தொண்டையில் நின்ற கேசரியையும் உள்ளே தள்ளியது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

செங்கம்மாள் காப்பியை வெற்றிவேலிடம் நீட்டினாள்.

“செருப்ப வுட்டுட்டுக் குந்துங்கண்ணே. அது எங்கப்பன் வூட்டு சாமி, உங்க புள்ள அத்த மவளத்தான் கேக்குது. இந்த வூட்ல நீர்யானை இவரு ஒருத்தருதான்.”