கதவோடு நின்ற காவியம்

எதற்கும் விளக்கம் சொல்லாமல் விடமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டு பூமிக்கு வந்த ஒரே மனிதர், எங்கள் பூந்தமல்லி லைன் வீட்டில்தான் குடியிருந்தார். அவருக்கும் யாராவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் ‘அதாவது’.

“சாம்பார் பிரமாதம்” என்பார். வீட்டுச் சொந்தக்காரி கன்னியம்மாள் முகம் மலர்வதற்குள், “அதாவது, நேற்று வைத்தது” என்பார். அந்த அம்மாள்தான் எங்களுக்குச் சமைத்தும் போட்டாள். கரண்டியை ஓங்கியதுண்டு, அடித்ததில்லை.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். நானும் அவரும் பாடியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் குமாஸ்தாக்கள். ஒருநாள் நோட்டீஸ் போர்டில் ‘ஓவர்டைம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது’ என்று ஒட்டினார்கள். மத்தியானம் பார்த்தால் ‘தற்காலிகமாக’வின் தலைமேல் பென்சிலால் எறும்பு எழுத்தில் ‘அதாவது, இனிமேல்’ என்று இருந்தது. மானேஜர் விசாரணைக்கு உத்தரவு போட்டார். இவரே போய் நின்று, “நான்தான் எழுதினேன். அதாவது, இவ்வளவு பொடி எழுத்து இங்கே வேறு யாருக்கும் வராது” என்றார். மெமோ கொடுத்தார்கள். அதிலும் இரண்டு கடினமான சொற்களுக்குப் பொருள் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வியாதி லத்தீனிலிருந்து தொற்றியது. ஆவடியில் இருந்த இவருடைய அப்பா, மூத்த பிள்ளையைக் கடவுளுக்கு நேர்ந்துகொண்டு சாமியாருக்குப் படிக்க குருமடத்தில் விட்டார். அங்கே லத்தீன் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரச் சாமியாரிடம், பல நூறு வருஷம் பழைய ஒரு போர்க் காவியத்தின் ஏடுகள் போட்டோவாக இருந்தன. பாதி ஏடுகள்தான், மீதி காலத்தோடு போய்விட்டன. இருந்த பாதியில், புரியாத சொல்லுக்கெல்லாம் மேலேயும் ஓரத்திலேயும் யாரோ ஒரு துறவி பொடிப்பொடியாக உரை எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துப் படித்து நம்மாளுக்கு ஜெபத்தைவிட உரைமேல் பக்தி முற்றிவிட்டது. குருமடத்தை விட்டு வந்துவிட்டார். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் போட்டோக்களை இவருக்கே கொடுத்துவிட்டார்.

அப்பா கொடுத்தது வேறு. “சாமிக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன்” என்று கதவைச் சாத்திவிட்டார்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு பஸ் உண்டு. ஞாயிறுதோறும் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்டாண்டு வரை போவார். பஸ் புறப்பட்டதும் திரும்பி வந்துவிடுவார். கேட்டால், “கூட்டம்” என்பார். காலி பஸ்ஸை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முழுதும் முகம் பார்க்கச் சகிக்காது.

சாயங்காலங்களில் எங்களுக்கு அந்தக் காவியத்தைச் சொல்லுவார். ஒரு ராஜா கடல் தாண்டிச் சண்டைக்குப் போகிறான். செத்தான் என்று முடிவுகட்டி, தம்பி சிம்மாசனத்தில் ஏறிவிடுகிறான். ராஜா காயத்தோடும் கந்தலோடும் திரும்பி வந்து, சொந்தக் கோட்டைக் கதவைத் தட்டுகிறான். அத்தோடு ஏடு தீர்ந்தது. ஆனால் ஏடுகள் வரிசை மாறாமல் இருக்க, அடுத்த ஏட்டின் முதல் சொல்லை முந்தைய ஏட்டின் அடியில் குறித்து வைப்பது அந்தக் காலத்து வழக்கமாம். கடைசி ஏட்டின் அடியில் இருந்த சொல், ‘கதவு’.

“கதவு இன்னா ஆச்சு நைனா? தொறந்துச்சா, இல்லியா?” என்றான் ஏகாம்பரம். அவன் எங்கள் லைனிலேயே குடியிருந்த லேத்து வேலைக்காரன். செம்பரம்பாக்கம் பக்கத்தில் திருவிழா வந்தால் கூத்தில் கதாயுதம் தூக்குகிறவன்.

“தெரியாது. அதாவது, யாருக்குமே தெரியாது.”

வந்தது வினை. புராணம் படிக்க உட்கார்ந்தால் பட்டாபிஷேகம் வரை படித்தே ஆகவேண்டும், நடுவில் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது கன்னியம்மாள் கட்சி. அந்தக் கோடையில் கிணறு வற்றியது. தொழிற்சாலையைப் பூட்டினார்கள். அவள் ஆடு செத்தது. எல்லாப் பழியும் லத்தீன் ராஜா தலையில் விழுந்தது.

“அந்த ஆளை வாசல்ல நிக்க வச்சிட்டு நாம துன்றோமே, ஒட்டுமா உடம்புல?” என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, இவரை மணையில் உட்கார வைத்தாள்.

“சொல்லு தம்பி. கதவத் தொறந்து உட்டுடு.”

“இல்லாத ஏட்டை நான் படிக்க மாட்டேன். அதாவது, பொய் சொல்ல மாட்டேன்.”

“நீ குந்து நைனா, நான் தொறக்கிறேன்!” என்று எழுந்தான் ஏகாம்பரம். துண்டை இடுப்பில் கட்டினான். கூத்துக்காரன் குரலெடுத்து விட்ட உதையில் கன்னியம்மாள் வீட்டுக் கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து ராஜாவின் கிழட்டு அப்பன் ஓடிவந்து, “என் ராசா, வந்துட்டியா!” என்று மகனைக் கட்டிக்கொண்டு அழுதான். இரண்டு வேஷமும் ஏகாம்பரமே கட்டினான். பெயர்ந்த கதவை மறந்து கன்னியம்மாளும் அழுதாள்.

இவர் மட்டும் எழுந்துவிட்டார். “இந்தக் காவியத்தில் அப்பாவே கிடையாது. அதாவது, எல்லோரும் சும்மா இருங்கள்” என்று அறைக்குள் போனார். பொங்கலை யாரும் தொடவில்லை. கதை முடிந்ததாகக் கன்னியம்மாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஆவடியிலிருந்து ஆள் வந்தது. அப்பா இறந்துவிட்டார்.

இவர் கட்டிலை விட்டு அசையவில்லை. “அவர் வரச் சொல்லவில்லையே” என்றார். ஏகாம்பரம்தான் சட்டையை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றினான். நானும் போனேன். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். “சாத்தியிருந்தால் திரும்பிவிடுவோம். அதாவது, தட்ட வேண்டாம்.”

தெருமுனையில் கால் நகரவில்லை. ஏகாம்பரம் ஓடிப்போய்ப் பார்த்து வந்தான். வந்தவன் மறுபடி அவர் கையைப் பிடித்தான்.

“தொறந்துதான் கீது நைனா. நீ வா.”

சாவு விழுந்த வீட்டில் யார் கதவைச் சாத்துவார்கள்? இரண்டு கதவும் விரியத் திறந்து, காற்றில் ஆடாமல் கல் முட்டுக்கொடுத்திருந்தது. தெருவே போய் வந்துகொண்டிருந்தது. அத்தனை ஞாயிறும் பஸ் ஏறாத மனிதர், யாரையும் கேட்காமல் உள்ளே போனார். வாசலில் நின்ற எங்களுக்கு அவருடைய அம்மாவின் அலறல்தான் கேட்டது.

அடக்கமெல்லாம் முடிந்து சில நாள் கழித்துத் திரும்பினார். கன்னியம்மாள் ஒன்றும் கேட்காமல் இலை போட்டாள். உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல், எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“கதவு திறந்திருந்தது.”

‘அதாவது’வுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

கன்னியம்மாள் மெல்ல எழுந்துபோய், மறுபடி பொங்கலுக்கு வெல்லத்தைத் தட்டிப்போட்டாள். ஏகாம்பரம் அடுப்பை ஊதப் போனான். புகையில்லாமலே அவனுக்குக் கண் கலங்கியது. திறந்திருந்தது எந்தக் கதவு, எதற்காகத் திறந்திருந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பாவி மனிதர்மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம்.