இன்னொரு வகை வரட்டும்

ஒப்பீட்டுப் பிரியர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. செருப்புக் கடையில் காலுக்கொரு தினுசாக மாட்டிக்கொண்டு, கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை நடந்து பார்ப்பாரே, அவரேதான். நம் தெருவில் இந்த இனத்தின் தலைமைப் பொறுப்பு ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளரிடம் இருக்கிறது.

அவருக்குச் சர்க்கரை உண்டு. போதாக்குறைக்கு மூச்சிழுப்பு வேறு. "நிமோனியாவுக்குத் தடுப்பூசி ஒண்ணு போட்டுக்குங்க" என்று டாக்டர் ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார். அன்றே தணிக்கை தொடங்கிவிட்டது. எந்த ஊசி எத்தனை வகைக் கிருமியைத் தடுக்கும், வயதான உடம்பில் எது எதிர்ப்புச் சக்தியை நன்றாகக் கிளப்பும், எதில் காய்ச்சல், எதில் கைவலி என்று கண் பூத்துப்போகப் படித்து, போட்டுக்கொண்டவர்களை வழிமறித்துச் சட்டைக் கையைத் தூக்கி வீக்கம் தேடி, சலூனில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவரையும் விடாமல் விசாரித்தார். கண்டது என்ன? எல்லா ஊசிகளும் ஏறக்குறைய ஒரே அளவு பாதுகாப்பானவை.

அப்படியானால் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? எப்படி முடியும்? பதின்மூன்று வகைக் கிருமிக்கான ஊசியை முடிவு செய்தபோது இருபது வந்தது. இருபதுக்கு மனம் இசைந்தபோது இருபத்தொன்று வந்தது.

"என்னங்க, நீங்க இருமுற இருமல்ல ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. ஏதோ ஒண்ணப் போட்டுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"அவசரப்படாதே. இன்னொரு வகை வருதாம்."

அதற்குமுன் நிமோனியா வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் தவித்த தவிப்பைப் பார்த்து அந்த அம்மாள் வராந்தாவில் நின்று அழுதாள். நல்லவேளை, மனிதர் பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "உங்க நெஞ்சுல இருந்தது எல்லா ஊசியுமே தடுக்கிற கிருமிதான். பழசு, புதுசு, எதைப் போட்டிருந்தாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது."

உடம்பு தேறியதும் மனைவியே அவரை ஊசி போடக் கூட்டிப்போனாள்.

"எந்தக் கையில போடட்டும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"எதுல வலி கம்மின்னு ஏதாவது ஆராய்ச்சி..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மனைவி அவருடைய இடது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வருஷம் உங்கள் டாக்டர் ஒன்று சொன்னாரே, செய்தாயிற்றா? அதற்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் மனைவியிடம் கொஞ்சம் சட்டைக் கையை நீட்டுங்கள்.