அடுப்பாதிபதியும் ஒரு வாளி வெந்நீரும்

புகைபோக்கியிலிருந்து வரும் புகையைப் பார்த்தே, உள்ளே எரிவது என்ன மரம், அதைப் பிளந்தவர் யார், அந்த வீட்டில் கடைசியாக வெந்நீரில் குளித்தவர் யாருடைய ஆட்சிக்காலத்தில் குளித்தார் என்பதுவரை இரண்டு மைல் தொலைவிலிருந்து சொல்லிவிடுவேன். சரி, இரண்டு மைல் கொஞ்சம் அதிகம். அடுத்த தெருவிலிருந்து. அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டால். ஆனால் அந்த வீட்டுக்குள் ஓர் அடுப்பாதிபதி குடியிருக்கிறார் என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதில் கலப்படம் கிடையாது.

அடுப்பாதிபதியை உங்களுக்குத் தெரியும். பெயர்தான் நான் வைத்தது, ஆள் உங்களுக்குப் பழக்கமானவர். குளிர்காலத்துக் கேஸ் பில் வந்த ஒரு நாளில், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்பக்கம் திருப்பி, அங்கே மன்னிப்பு ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று தேடி, இல்லை என்றானதும், "இனிமே இந்த வீட்டுல விறகுதான்" என்று அறிவித்தவர். வீட்டைச் சூடாக்கவும் விறகு, தண்ணீரைச் சூடாக்கவும் விறகு. அன்றோடு அவர் பழைய மனிதராக இருப்பது நின்றுபோகிறது.

அதற்குப் பிறகு அவர் கண்ணுக்கு மரம் மரமாகத் தெரியாது. பூங்காவுக்குப் போனால் நிழலில் உட்கார மாட்டார். நிழல் தருகிற கிளை எத்தனை நாள் எரியும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். புயலில் யார் வீட்டு மரமாவது சாய்ந்துவிட்டால் முதலில் துக்கம் விசாரிக்கப் போகிறவர் இவர்தான். கையில் ரம்பம் இருக்கும். கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையின் காலைத் தட்டிப் பார்ப்பார். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் நாற்காலியையும் தட்டுவார், அதில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும்.

அவர் வீட்டுக்கு நீங்கள் போனால்? தப்பவே முடியாது. இரண்டு கட்டைகளை எடுத்து உங்கள் காதோரம் ஒன்றோடொன்று மோதிக் காட்டி, "கேட்டீங்களா? ணங்னு வருதா? ஈரம் சுத்தமா செத்துடுச்சு" என்பார். உங்களுக்கு ஒரு கட்டையும் இன்னொரு கட்டையும் இடித்துக்கொண்ட சத்தம்தான் கேட்டிருக்கும். ஆனாலும் தலையாட்டுவீர்கள். ஒருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன செய்ய முடியும்? உடனே அவர் அடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்து தீயைக் காட்டி, "எல்லாம் ஓசிச் சூடு" என்பார். கோடாரி, கையுறை, ரம்பம், விறகுக் கொட்டகை, அந்தக் கொட்டகைக்கு ஒரு கூரை, இவை அந்த ஓசியில் சேராது. முதுகு வைத்தியருக்குக் கொடுப்பதும் சேராது. அது ஆரோக்கியச் செலவு.

எதற்கு ஊரார் கதை? என் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து நிறுவனம் ஒன்றில் வேலைக்காலம் முழுக்க வண்டிகளுக்கு அட்டவணை போட்டவன். ஓய்வு பெற்றதும் அட்டவணை போட ஒரு வண்டியும் இல்லாமல் கை அரித்துக்கொண்டு திரிந்தான். அப்போதுதான் கூடத்துக்கு இரும்பு அடுப்பு வந்தது. அதன் முதுகில் தண்ணீர்க் குழாய் சுற்றி, குளியலறைச் சுவரில் இருக்கும் செப்புத் தொட்டிக்குப் போனது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு பெரிய தீ. அதிலேயே வீடும் சூடு, தண்ணீரும் சூடு. தொட்டியில் ஏறிய சூடு மறுநாள் காலைவரை நிற்கும். இதுதான் அவனுடைய தத்துவம். தத்துவத்தில் ஒரு குறையும் கிடையாது. குளிக்கிறவர்களிடம்தான் குறை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் பிற்பகலில் அவன் மனைவி மருத்துவமனையில் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் அங்கே தலைமை நர்ஸ். பொழுது விடிவதற்குள் கிளம்ப வேண்டியவள். அவள் குளிக்கும் நேரத்தில் குழாயிலிருந்து வருவது, இவன் வெதுவெதுப்பு என்றும் அவள் பச்சைத் தண்ணீர் என்றும் சொல்கிற ஒரு திரவம்.

பழைய கேஸ் பாய்லர் சுவரிலேயே இருந்தது. குழாயைக் கழற்றி, பழைய படுக்கை விரிப்பால் தலைமுதல் கால்வரை மூடி வைத்திருந்தான். பல் தேய்க்கப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கத் தோன்றும்.

அந்தக் குளிர்காலத்தில் நான் அவர்கள் வீட்டில் தங்கப் போயிருந்தேன். போய் இறங்கிய அன்று இரவுச் சாப்பாட்டில் தம்பி மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாள் முழுக்க வார்டில் நின்று நின்று அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. காலையில் ஊற்றிக்கொள்கிற அந்த ஒரு வாளித் தண்ணீர் மட்டும்தான் அவளுடையது. அதற்குப் பிறகு பொழுது மொத்தமும் மற்றவர்களுக்கு.

"அண்ணி, நீங்கதான் நடுவர். நீங்க ஊருக்குப் போறவரைக்கும் தினமும் காலையில எனக்கு ஒரு வாளி தண்ணி சூடா இருக்கணும். ஒரே ஒரு நாள் இல்லேன்னாலும் பாய்லர்காரரைக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் உங்க தம்பி அந்த அடுப்பு மேல பூத்தொட்டி வச்சு அழகு பார்க்கட்டும்."

"தாராளமா. அக்காவே பார்க்கட்டும்," என்றான் தம்பி. குரல் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் கண் ஒரு தரம் அடுப்பின் பக்கம் போய் வந்தது. இந்த உலகத்தில் அவன் சொன்னபடி ஓடுவதற்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஊரடங்கு. நான் கை கழுவக் குழாயைத் திருப்பினால், கூடத்திலிருந்து, "யாரு அங்க குழாயில?" என்று அதட்டல் வரும். பாத்திரத்துக்குப் பச்சைத் தண்ணீர். முகத்துக்கு ஈரத் துணி. அவன் மட்டும் அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, பனியனோடு, "வீடு எப்படிக் கணகணன்னு இருக்கு பார்த்தியா?" என்று கேட்பான். நானிருந்த அறையில் தம்ளருக்குள் கழற்றி வைத்த என் பல்செட்டு தானாகவே தடதடத்துக்கொண்டிருந்தது. இதில் பல்செட்டும் தம்ளரும் உண்மை. இரண்டாம் நாள் என் கம்பளியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் செப்புத் தொட்டி அதைப் போர்த்திக்கொண்டு சுகமாக நிற்கிறது. தம்பி அதன்மேல் கன்னத்தை வைத்து, காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல் சூடு பார்க்கிறான். அந்தத் தயவில் காலை வாளி எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் விறகுப் பஞ்சமா என்று நீங்கள் கேட்பீர்கள். பஞ்சமா? பின்கட்டுச் சுவர் நெடுக, ஆள் உயரத்துக்கு, வெட்டு முகங்களெல்லாம் ஒரே சீராக வெளியே பார்க்க, ஓரங்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே தகரம் போட்டு, வருடக்கணக்கில் காய்ந்த விறகு அடுக்கடுக்காக இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அடுப்பில் எரிந்ததெல்லாம் உடைந்த பழப்பெட்டியும், சாலையோரம் வெட்டிப் போட்ட ஈரக் கிளையும்தான். கேட்டேன்.

"ஏண்டா, அந்தக் காய்ஞ்ச விறகு எதுக்கு இருக்கு?"

"அது நிஜமான குளிருக்குக்கா."

"அப்ப இது என்ன?"

"இது சும்மா குளிர்."

இங்கேதான் அடுப்பாதிபதியின் அசல் நோய் வெளிப்படுகிறது, கவனியுங்கள். முதலில் கேஸை மிச்சப்படுத்த விறகுக்கு மாறுகிறார். பிறகு விறகையே மிச்சப்படுத்தத் தொடங்குகிறார். விறகை மிச்சப்படுத்த எதைச் செலவழிப்பார்? மனிதர்களைத்தான்.

நிஜமான குளிரும் ஒரு நாள் வந்தது. வாசல் குழாயில் தண்ணீர் கட்டியாகி நின்றது. பால்காரர் கண் மட்டும் தெரிய வந்து போனார். "டேய், உன் விருந்தாளி வந்தாச்சு, போய் எடுத்துட்டு வா" என்றேன். போனான். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டையை உருவினான்; தட்டினான்; கேட்டான்; இருந்த இடத்திலேயே செருகினான். அடுத்ததில் கை வைத்தான். அதை எடுத்தால் வரிசை சரியும் என்று விட்டுவிட்டான். மூன்றாவது ரொம்ப அழகாக இருந்திருக்க வேண்டும், துடைத்து வைத்தான். கடைசியில் கக்கத்தில் ஓர் ஈரக் கிளையோடு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"இன்னும் கொஞ்சம் குளிரட்டும்கா."

அன்று அடுப்பு சீறியது, இருமியது, கண்ணாடியில் கரியைத் துப்பியது. சூடு மட்டும் தரவில்லை. மாலையில் தொட்டியின்மேல் கன்னத்தை வைத்தவன் வெகுநேரம் எடுக்கவில்லை. மறுநாள் காலை என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாய்லர்காரரின் தொலைபேசி எண் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. யார் ஒட்டினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொழுது விடியவில்லை, குளிரில் எழுந்துவிட்டேன். சூடாக எதையாவது குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனால் அங்கே விளக்கு எரிகிறது. மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு நிற்கிறான் என் தம்பி. எதன் முன்னால்? மின்சாரக் கெட்டிலின் முன்னால். யார்? கரண்ட் அடுப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து "பணத்தைச் சுருட்டிச் சுவத்து ஓட்டையில சொருகுறாரு" என்று சிரித்தவன். கெட்டில் கொதித்ததும் அதைத் துணியில் பிடித்துக்கொண்டு, திருடன்போல் நுனிக்காலில் குளியலறைக்குப் போய், வாளியில் சத்தமில்லாமல் சரித்துவிட்டு வந்தான். மறுபடி நிரப்பினான். மறுபடி நடந்தான். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, இன்னிக்கு மட்டும்," என்றான், உதட்டில் விரலை வைத்து.

நடுவர் என்ன செய்ய வேண்டும்? வாளியில் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும் என்பதுதான் பந்தயம். சூடு எங்கிருந்து வர வேண்டும் என்று யாரும் பேசவில்லை. நடுவர் என்றால் வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்றும் யாரும் பேசவில்லை. நான் எனக்கொரு தம்ளர் வெந்நீர் வாங்கிக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன். அதை லஞ்சம் என்று சொல்கிறவர்கள் அந்தக் குளிரில் நின்று பார்த்தவர்கள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் குளியலறைக் கதவிடுக்கில் ஆவி வந்தது. தம்பி மனைவி கன்னம் சிவக்க வெளியே வந்து, தலையைத் துவட்டியபடி, இன்றைக்குத் தண்ணீர் பொசுக்குகிறது, அடுப்பைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "விறகு அப்படி," என்றான். பிறகு எழுந்து போய் அடுப்பை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தான். அடுப்பு ஐஸ்கட்டியாக இருந்தது.

அந்த 'இன்னிக்கு மட்டும்' இன்னும் முடியவில்லை. தினமும் விடியலில் கெட்டிலும் கையுமாக நடக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், தன் மனைவி காலையில் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது விறகின் மகிமை என்கிறான். மின்சார பில் வந்தால் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊர் முழுக்க விலை ஏறிவிட்டதாம் என்கிறான். பாய்லர் விரிப்புக்குள்ளேயே நிற்கிறது. விறகடுக்கில் ஒரு சிராய்கூடக் குறையவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று புதுத் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கிழிந்ததில் துடைத்துக்கொள்கிறீர்களே, நல்ல கோப்பைகளைக் கண்ணாடிக்குள் பூட்டிவிட்டு விளிம்பு உடைந்ததில் குடிக்கிறீர்களே, சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே சறுக்கிச் சறுக்கி உட்காருகிறீர்களே, உங்களிடம் கோடாரி இல்லை, அவ்வளவுதான். உங்களுக்கும் நிஜமான குளிர் இன்னும் வரவில்லை.

என் தம்பி மனைவிக்கு, பாவம், இந்தக் கெட்டில் விவகாரம் இன்றுவரை தெரியாது என்று எழுதிவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று வாய்விட்டு ஒரு தரம் படித்துப் பார்த்தேன். இந்தக் குளிர்காலத்துக்கும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்து சீருடையை மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"தெரியாதுன்னு போடாதீங்க அண்ணி. பாய்லரை மாட்டிட்டா இவரு காலையில எதுக்கு எந்திரிப்பாரு? கெட்டில்ல ராத்திரியே தண்ணி ரொப்பி வைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"